வருமான வரி விகிதங்களும் கெடு நாள்களும்: சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களிலும், வருமான வரியைப் பற்றிய பேச்சு ஏப்ரல் மாதத்தில்தான் எழுகிறது. அந்த மாதத்தில் வரியைக் குறைக்க எவராலும் எதுவும் செய்ய இயலாது. முடிந்துபோன ஆண்டின் கணக்கை ஒப்படைக்க மட்டுமே இயலும். குறைப்பதற்கான வழிகள் அனைத்தும் டிசம்பர் 31ஆம் நாளோடு அடைபட்டுவிடுகின்றன. கீழுள்ள விடைகள் 2025 மதிப்பீட்டு ஆண்டின் விகிதங்களையும், வரி கணக்கிடுமுன் வருமானத்திலிருந்து நீக்கப்படும் கழிவுகளையும் அடிப்படையாகக் கொண்டவை. அந்த ஆண்டின் கணக்கு 2026இல் ஒப்படைக்கப்படுகிறது.

மதிப்பீட்டு ஆண்டு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? தமிழ்நாட்டு உறவினர்கள் மார்ச் மாதம் என்கிறார்களே?

அது இந்தியாவின் வழக்கம்; அங்கே ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மலேசியாவில் தனிநபருக்கு மதிப்பீட்டு ஆண்டு என்பது சனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான ஆங்கில ஆண்டேயாகும். தீபாவளிக்கு முதலாளி கொடுத்த போனஸ் எந்த ஆண்டின் உழைப்புக்காகக் கொடுக்கப்பட்டிருந்தாலும், அது கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும்.

தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு வரி உண்டா?

இல்லை. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஆண்டு முழுவதும் பெறுபவரின் வருமானம் 20,400 ரிங்கிட். தோட்ட நிர்வாகம் கொடுத்திருக்கும் லயத்து வீட்டில் அவர் குடியிருந்தால், அந்த வீட்டுக்கான மதிப்பையும் வருமானத்தோடு சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நகரத்தில் கம்பெனி வீடு பெற்றவருக்குச் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை சேர்க்கப்படக்கூடிய இடத்தில், தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு 3 விழுக்காடு மட்டுமே சேர்க்கப்படுகிறது. அதாவது 612 ரிங்கிட். மொத்தம் 21,012. இதிலிருந்து தனக்கான கழிவு 9,000 ரிங்கிட்டையும், ஊழியர் சேமநிதியான இபிஎப்புக்குக் கட்டும் சந்தா ஏறத்தாழ 2,244 ரிங்கிட்டையும் நீக்கினால் 9,768 ரிங்கிட் எஞ்சும். அதற்குரிய வரி 48 ரிங்கிட்டுக்கும் குறைவு. அதுவும், குறைந்த வருமானம் உள்ளவருக்கு வரியிலிருந்தே நீக்கப்படும் 400 ரிங்கிட் தள்ளுபடியில் கரைந்துவிடும்.

இபிஎப் போக ஆண்டுக்கு 34,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் பெறுபவர் வரிக் கோப்பு திறந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது எல்எச்டிஎன் வைத்திருக்கும் பொது அளவு. எல்எச்டிஎன் என்பது நம் மக்கள் ஹாசில் என்று சொல்லும் உள்நாட்டு வருமான வரி வாரியம். கோப்பு திறக்க வேண்டியிருப்பதும் வரி கட்ட வேண்டியிருப்பதும் வேறு வேறு. கோப்பு வைத்திருக்கும் பலர் ஒரு காசும் கட்டுவதில்லை.

வரி விகிதங்கள் எவை?

ஆண்டில் 182 நாள்களோ அதற்கு மேலோ நாட்டில் இருப்பவர் வரிக் கணக்கில் உள்நாட்டு வாசியாகக் கொள்ளப்படுகிறார். அவருக்கு, கழிவுகள் எல்லாம் போக எஞ்சும் வருமானத்தின் மீது படிப்படியாக வரி விதிக்கப்படுகிறது. முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரை 1 விழுக்காடு, 35,000 வரை 3 விழுக்காடு, 50,000 வரை 6 விழுக்காடு, 70,000 வரை 11 விழுக்காடு, 100,000 வரை 19 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு மேல் 400,000 வரை 25 விழுக்காடாகி, இறுதியில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 விழுக்காட்டில் முடிகிறது. இந்த விகிதங்கள் 2023 மதிப்பீட்டு ஆண்டில் நடப்புக்கு வந்தவை. 35,000 முதல் 100,000 வரையிலான மூன்று படிகளிலும் அப்போது 2 விழுக்காடு குறைக்கப்பட்டது.

மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்றுண்டு. எஞ்சும் வருமானம் 20,000 என்றால் வரி 150 ரிங்கிட். 35,000 என்றால் 600. 50,000 என்றால் 1,500. 70,000 என்றால் 3,700. 100,000 என்றால் 9,400. இடையில் இருப்பவர் தமக்குக் கீழுள்ள எண்ணோடு மிச்சத்துக்கான விழுக்காட்டைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

சம்பளம் உயர்ந்து மேல் படிக்குப் போனால், கைக்கு வரும் பணம் குறைந்துவிடுமா?

பொதுவாகக் குறையாது. உயர்ந்த விகிதம் அந்தப் படிக்கு மேற்பட்ட பணத்துக்கு மட்டுமே பொருந்தும்; கீழே உள்ள பணம் பழைய விகிதத்திலேயே இருக்கும். ‘வரி ஏறிவிடும்’ என்று ஓவர்டைம் வேலையை மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணமே இல்லை.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் இந்த அச்சம் உண்மையாகிறது; அதைத் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. எஞ்சும் வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. மனைவிக்கான கழிவையும் கோருபவருக்கு இன்னொரு 400 ரிங்கிட் உண்டு. ஒரு ரிங்கிட் தாண்டினாலும் இரண்டும் போய்விடும். எஞ்சும் வருமானம் சரியாக 35,000 ஆக உள்ள மணமாகாதவர் 200 ரிங்கிட் கட்டுகிறார். அதுவே 35,400 ஆக இருந்தால் 624 ரிங்கிட் கட்டுகிறார். நானூறு ரிங்கிட் கூடுதல் வருமானத்துக்காக 424 ரிங்கிட் கூடுதல் வரி! இந்த எல்லைக்கு அருகில் நிற்பவர்கள் நவம்பர் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம். விடுபட்ட ஒரு சிறிய கழிவு அவர்களை எல்லைக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம்.

கழிவுக்கும் தள்ளுபடிக்கும் என்ன வேறுபாடு? ஒரு குடும்பத்தின் கணக்கை வைத்து விளக்க முடியுமா?

கழிவு வருமானத்திலிருந்து நீக்கப்படுவது. தள்ளுபடி, கணக்கிட்டு முடித்த வரியிலிருந்தே நீக்கப்படுவது. ஆயிரம் ரிங்கிட் கழிவு 3 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 30 ரிங்கிட்டை மட்டுமே மிச்சப்படுத்தும். நானூறு ரிங்கிட் தள்ளுபடி அப்படியே நானூறு ரிங்கிட்டாகும்.

செம்பனை ஆலையில் மேற்பார்வையாளராக மாதம் 4,200 ரிங்கிட் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மனைவி வீட்டில் இருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 50,400. தனக்கு 9,000, மனைவிக்கு 4,000, பிள்ளைகளுக்குத் தலா 2,000, இபிஎப்புக்கு 4,000, தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவுக்கு ஏறத்தாழ 350 என மொத்தக் கழிவு 21,350 ரிங்கிட். அவருடைய இபிஎப் சந்தா உண்மையில் 5,544 ரிங்கிட் என்றாலும், கழிவின் உச்சவரம்பு 4,000 என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சுவது 29,050. வரி 421 ரிங்கிட் 50 காசு. அவருக்கும் மனைவிக்குமாக 800 வரை தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டியது எதுவும் இல்லை. தள்ளுபடியில் மிஞ்சும் பகுதி பணமாகத் திரும்பி வராது.

இவர் டிசம்பர் கடைசியில் ‘வரிக்குக் காட்டலாம்’ என்று கைப்பேசி வாங்கினால், அதனால் மிச்சமாகும் வரி சுழியம்.

அப்படியானால் ஆண்டு இறுதியில் வரிக்காகச் செலவு செய்வதில் பயனே இல்லையா?

எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவற்றுக்குச் சேர்த்து 2,500 ரிங்கிட் வரை வாழ்க்கை முறைக் கழிவு உண்டு. விளையாட்டுச் செலவுக்குத் தனியே 1,000 உண்டு. 6 விழுக்காட்டுப் படியில் இருப்பவர் 2,500 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கினால் 150 ரிங்கிட் மிச்சமாகும். தேவையில்லாத பொருளுக்கு 150 ரிங்கிட் தள்ளி விலை கொடுத்ததாகத்தான் இதற்குப் பொருள்; கடைக்காரர் மலிவு விற்பனையிலேயே அதைவிடக் கூடுதலாகத் தருவார்.

சேமிப்பாகவே நம்மிடம் தங்கும் கழிவுகளின் கதை வேறு. மாதம் 5,500 ரிங்கிட் பெறும், மணமாகாத ஒரு மகளை எண்ணிப் பாருங்கள். அவருடைய ஆண்டு வருமானம் 66,000. தனக்கும் இபிஎப்புக்கும் சொக்சோவுக்கும் கழித்தால் 52,650 எஞ்சும். வரி 1,791 ரிங்கிட் 50 காசு. அவர் டிசம்பர் 31க்குள் தனியார் ஓய்வூதியத் திட்டமான பிஆர்எஸ்ஸில் 3,000 ரிங்கிட் போட்டால், 312 ரிங்கிட் 50 காசு வரி குறையும். போட்ட பணமும் அவர் பெயரிலேயே இருக்கும், ஓய்வுக் காலம் வரை பெரும்பகுதியை எடுக்க முடியாது என்ற கட்டுப்பாட்டோடு.

பிள்ளைகள் உள்ளவர்களுக்கு எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆனால் அந்த ஆண்டில் போட்ட பணத்திலிருந்து எடுத்த பணத்தைக் கழித்து எஞ்சுவதே கணக்கில் கொள்ளப்படும். சனவரியில் போட்டு அக்டோபரில் எடுத்துவிட்டு ரசீதை மட்டும் காட்ட முடியாது. ஆயுள் காப்புறுதிக்கு 3,000 ரிங்கிட்டும், மருத்துவ மற்றும் கல்விக் காப்புறுதிக்கு 4,000 ரிங்கிட்டும் உச்சவரம்பு. கழிவுக்காக மட்டும் புதிய காப்புறுதி எடுக்கச் சொல்லும் முகவரிடம், உங்கள் படி எத்தனை விழுக்காடு என்று முதலில் கேளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டிய நாள்கள் எவை?

டிசம்பர் 31, செலவும் சேமிப்பும் அந்த ஆண்டுக் கணக்கில் சேர்வதற்கான கடைசி நாள். பிப்ரவரி மாத இறுதிக்குள் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுச் சம்பள விவரம் அடங்கிய இஏ பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். மார்ச் 1 முதல் எல்எச்டிஎன்னின் மைடேக்ஸ் இணையத் தளத்தில் கணக்கு ஒப்படைக்கலாம். வியாபார வருமானம் இல்லாதவருக்குரிய பிஇ பாரத்தின் சட்டபூர்வக் கடைசி நாள் ஏப்ரல் 30. இணையம் வழி ஒப்படைப்பவர்களுக்கு மே 15 வரை சலுகை தரப்படுகிறது. வியாபாரம் உள்ளவருக்குரிய பி பாரத்துக்கு ஜூன் 30. இணையம் வழி என்றால் ஜூலை 15. கட்ட வேண்டிய மீதி வரியையும் கணக்கோடு அந்தக் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும்.

மே மாத நடுவில் தளம் நெரிசலாகும் என்பதால், மார்ச் மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. பணம் திரும்பி வர வேண்டியவர்களுக்கு முந்துவதால் இலாபமும் உண்டு.

இஏ பாரம் வரவில்லை அல்லது அதில் உள்ள தொகை சரியில்லை என்றால்?

தோட்ட அலுவலகத்தில் கிராணியாரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அது கிடைக்காதது உங்கள் கெடுவைத் தள்ளிப்போடாது. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளைக் கூட்டியும் கணக்கை ஒப்படைக்கலாம். ஆண்டின் நடுவில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியவர் இரண்டு இஏ பாரங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மாறும்போது பழைய சம்பள விவரத்தை டிபி3 பாரத்தில் புதிய முதலாளியிடம் தந்துவிட்டால், மாதாந்திர வரிப் பிடித்தமான பிசிபி சரியாகக் கணக்கிடப்படும். தராவிட்டால் அடுத்த ஆண்டில் ஒரேயடியாக ஒரு தொகை வந்து நிற்கும்.

ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். மனைவி காலையில் நாசி லெமாக் கடை போடுகிறார். எங்களுக்கு எந்தப் பாரம்?

இருவருக்குமே பி பாரம்தான். குலை விற்பதும் கடை போடுவதும் வியாபார வருமானம். தோட்டச் சம்பளமும் உங்களுக்கு இருந்தால் அதையும் அதே பாரத்தில் காட்ட வேண்டும். வியாபாரிக்குச் சம்பளக்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: வருமானம் ஈட்டுவதற்காகச் செய்த செலவை முதலில் கழித்துக்கொள்ளலாம். உரம், பூச்சிமருந்து, குலை அறுப்புக் கூலி, லோரிக் கட்டணம், கடைக்கான அரிசி, தேங்காய், எரிவாயு எல்லாம் இதில் அடங்கும். குலை வாங்கும் வியாபாரி தரும் எடைச் சீட்டை எறிந்துவிட்டு, உரக்கடை ரசீதை மட்டும் கோப்பில் வைத்திருப்பவர்களின் கணக்கு எவர் கண்ணிலும் சந்தேகமாகவே படும்.

முந்தைய ஆண்டுக் கணக்கைக் கொண்டு, இவர்களுக்கு சிபி500 என்ற தவணை அறிவிப்பு வரலாம். மார்ச்சில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஆறு தவணைகள். செம்பனை விலை விழுந்துவிட்ட ஆண்டில் பழைய மதிப்பீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தொகையை மாற்றச் சொல்லி ஜூன் 30க்குள் விண்ணப்பிக்கலாம்.

தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால், கிடைக்கும் இழப்பீட்டுக்கு வரி உண்டா?

பெரும்பாலான தொழிலாளர்களுக்கு இல்லை. வேலை இழப்புக்கான இழப்பீட்டில், அதே முதலாளியிடம் முழுமையாக முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரப்பட வேண்டும்; சாதாரணத் தொழிலாளிக்கு அது பத்தாயிரத்தின் அருகில்கூட வராது. ஆனால் நிலுவைச் சம்பளமும் எடுக்காத விடுமுறைக்கான பணமும் இழப்பீடு ஆகா. அவை வழக்கமான வருமானம். ஒரே காசோலையில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இபிஎப் பணம், கூட்டுறவுச் சங்க இலாப ஈவு ஆகியவற்றையும் காட்ட வேண்டுமா?

இபிஎப் இலாப ஈவுக்கும், அதிலிருந்து எடுக்கும் பணத்துக்கும் வரி இல்லை. கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினருக்குத் தரும் இலாப ஈவுக்கும் வரி இல்லை. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டனார் காலத்துப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் அவருடைய தொகுதியாக இருந்த இந்த ஊரில் ஏராளம். அவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டு வரும் பணம் அப்படியன்று. அதைக் காட்டியே ஆக வேண்டும். நிலவரி, மதிப்பீட்டு வரி, கடன் வட்டி, பழுதுபார்ப்புச் செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம்.

கோயிலுக்குக் கொடுத்த நன்கொடையைக் கழிக்கலாமா?

எல்லா நன்கொடையையும் கழிக்க முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்து, அந்த அங்கீகாரத்தைக் குறிப்பிடும் ரசீது பெற்றிருந்தால் மட்டுமே கழிக்கலாம். தைப்பூச உண்டியலில் போட்டது புண்ணியக் கணக்கில் சேரும். வரிக் கணக்கில் சேராது. முஸ்லிம்கள் கட்டும் சக்காத்து, கட்ட வேண்டிய வரியிலிருந்தே தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. நம் நன்கொடை வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

கணவனும் மனைவியும் வேலை செய்தால் பிள்ளைகளுக்கான கழிவை யார் கோருவது?

ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் முழுக் கழிவையும் கோரலாம். உயர்ந்த படியில் இருப்பவர் கோருவதே குடும்பத்துக்கு இலாபம். பதினெட்டு வயதைக் கடந்து உள்நாட்டில் டிப்ளோமாவோ பட்டப்படிப்போ முழுநேரமாகப் படிக்கும் பிள்ளைக்குக் கழிவு 2,000 அன்று, 8,000 ரிங்கிட். பல பெற்றோர் பழைய எண்ணையே ஆண்டுதோறும் நிரப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 11 விழுக்காட்டுப் படியில் அந்த வேறுபாடு 660 ரிங்கிட் வரை போகும்.

பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து செலவு செய்தால், ஒவ்வொருவரும் தம் பெயரில் ரசீது பெற்றுத் தாம் கட்டிய தொகையை மட்டுமே கோர வேண்டும்.

கெடு தவறினால் என்ன ஆகும்?

கட்ட வேண்டிய வரியைத் தாமதித்தால் நிலுவையில் 10 விழுக்காடு அபராதமாகக் கூடும். கணக்கையே ஒப்படைக்காமல் இருப்பது குற்றம்; 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வரி பாக்கி வைத்திருப்பவரின் வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டுக்குப் புறப்படும் நாளில், விமான நிலையத்தில் இது தெரியவந்தால் பயணச்சீட்டுக் காசும் சேர்ந்து போகும். ஒரே தடவையில் கட்ட இயலாதவர் ஒளிந்திருக்கத் தேவையில்லை. ஈப்போ கிளைக்குச் சென்று தவணை முறைக்கு விண்ணப்பிக்கலாம்.

வரியே இல்லாதபோது ஏன் கணக்கு ஒப்படைக்க வேண்டும்?

கோப்பு திறந்திருந்தால் அது கடமை. அதற்கு அப்பால், தாமானில் வீடு வாங்க வங்கிக் கடன் கேட்கும்போது, குறிப்பாகச் சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளிடம், முதலில் கேட்கப்படுவது ஒப்படைத்த பாரமும் அதன் ஒப்புகைச் சீட்டும்தான்.

அதிகமாகப் பிடித்த பிசிபி எப்போது திரும்பி வரும்? வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டலாமா?

இணையம் வழி ஒப்படைத்தவருக்கு 30 வேலை நாள்களுக்குள் திருப்பித் தருவதாக எல்எச்டிஎன் உறுதி கூறியிருக்கிறது. பாரத்தில் கொடுத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ‘பணம் தயாராக இருக்கிறது, இங்கே தட்டுங்கள்’ என்று வரும் செய்திகள் மோசடி. திரும்பி வர வேண்டிய பணம் உங்கள் கணக்கில் தானாகவே வந்து விழும். அதற்காக அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ எவரிடமும் தர வேண்டியதில்லை.

ரசீதுகளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்? மறந்துபோன கழிவைப் பிறகு கோரலாமா?

ஏழு ஆண்டுகள். பேரங்காடி ரசீதுகளின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுவதால், வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, ஆண்டின் பெயரிட்ட தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். தகுதியிருந்தும் கோர மறந்த கழிவுக்கு, அந்த மதிப்பீடு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு அந்தப் பழைய ரசீதையும் இணைக்க வேண்டியிருக்கும்.